மலைமேல் பட்ட கால்

சென்ற ஆனி மாதம் என் தங்கையின் பிள்ளை மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன். எஞ்சினீயரிங் படிக்கிறான். அவனை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனேன். அங்கே பேய்க் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அத்தை இருக்கிறாள். எண்பது வயதைத் தாண்டியவள். அவள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலைதான், வேறொன்றும் தெரியாது.

பையன் திண்ணையில் பெட்டியைத் திறந்தான். துணிமணிகளோடு ஒரு நீளக் கயிறும், ரப்பர் அடி வைத்த இறுக்கமான ஒரு ஜோடிச் செருப்பும், சுருக்குப் பை நிறைய வெள்ளைத் தூளும் வெளியே வந்தன.

"என்னடா இது, பவுடரா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. பாறை ஏறும்போது கை வியர்த்து வழுக்காமல் இருக்கப் பூசிக்கிற தூள்."

நம் ஊர்ப் பையன்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் பாறை ஏறுவது அப்படி. சனி, ஞாயிறு வந்தால் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். மறுநாள் விடியற்காலை, என்னிடம்கூடச் சொல்லிக் கொள்ளாமல், மலையடிவாரத்துக்குப் போய்விட்டான். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் வழியில் நிறுத்தி, "இது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"எங்க ஊரிலேயும் இப்போ இதே கதைதான் மாமா. இந்தப் பாறை அவர்களுக்குப் புனிதம், அந்தப் பாறை அவர்களுக்குப் புனிதம் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறார்கள். இங்கேயுமா?" என்றான்.

அந்த "இங்கேயுமா?" என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அன்றைக்கு அவனுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ராஜகோபுரத்தை. 217 அடி உயரம், பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் மலையின் உயரம் 2,668 அடி. அந்தக் கோபுரத்தைப் போலப் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி எட்டாது. கோயிலைக் கட்டினவர்களுக்கு இது தெரியாததல்ல. மலைதான் மூலவர், கோயில் அந்த மலைக்கு முன்னால் போட்ட பந்தல் என்பதுதான் இந்த ஊரின் சித்தாந்தம். மற்ற ஊர்களில் மலைமேல் ஸ்வாமி இருப்பார். இங்கே மலையே ஸ்வாமி.

மலையே ஸ்வாமி என்றால் அதன்மேல் எப்படிக் கால் வைப்பது? அதனால்தான் இந்த ஊரில் ஏறுவதைவிடச் சுற்றுவது பெரிய காரியமாக இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலோடு சுற்றி வருகிறார்கள். ஜனங்கள் மட்டுமா? அண்ணாமலையாரே வருஷத்தில் இரண்டு தடவை, கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒரு தரமும், திருவூடலுக்கு மறுநாள் ஒரு தரமும், உற்சவ மூர்த்தியாக எழுந்தருளி மலையை வலம் வருகிறார். தம்மைத் தாமே சுற்றி வருகிற ஸ்வாமியை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அவரே சுற்றித்தான் வருகிறார், ஏறிப் போவதில்லை.

நம்முடைய பெரியவர்களுக்கு இந்தக் கால் விஷயத்தில் எப்போதுமே ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் போனபோது, அந்த மண்ணில் கால் படலாகாதென்று தலையாலேயே நடந்து போனார் என்கிறது பெரிய புராணம். பிறகு அவர் திருவாலங்காட்டில் தங்கினார். பல காலம் கழித்துத் திருஞானசம்பந்தர் அந்த ஊருக்கு வந்தார். அம்மையார் தலையால் நடந்த ஊரை நாம் காலால் மிதிப்பதா என்று அஞ்சி, ஊருக்குள் நுழையாமல் பக்கத்து ஊரிலேயே இரவு தங்கிவிட்டார். ராமானுஜர் திருமலைக்கு முழங்காலால் ஏறிப் போனார் என்று வைஷ்ணவர்கள் சொல்வார்கள். முழங்கால் பட்டால் மட்டும் பரவாயில்லையா என்று குதர்க்கம் பேசலாம். பாதம் கூசிற்று என்பதுதான் அங்கே முக்கியம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், அண்ணாமலையின்மேல் யாருமே ஏறியதில்லை போலும் என்று வாசகர்கள் நினைக்கலாம். வாஸ்தவம் அதற்கு நேர்மாறானது. இந்த மலையில் மனிதர்கள் எப்போதுமே ஏறியிருக்கிறார்கள், குடியிருந்திருக்கிறார்கள். குகை நமசிவாயர் இங்கேதான் குகையில் இருந்தார். விரூபாக்ஷ தேவர் இருந்த குகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், 1916 வரை அந்த விரூபாக்ஷ குகையிலும், பிறகு 1922 வரை அதற்கு மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்திலும் வசித்தார். மலையில் அவர் போகாத பாறையில்லை, பார்க்காத சுனையில்லை.

ஆனால் அவர் கதையிலேயே ஒரு சம்பவம் உண்டு. ஒரு நாள் மலைச்சரிவில் புதருக்குள் நடந்து போகும்போது அவருடைய தொடை ஒரு குளவிக் கூட்டில் உரசிவிட்டது. குளவிகள் கிளம்பி வந்து அந்தக் காலை மட்டும் மொய்த்துக் கொட்டின. ரமணர் ஓடவில்லை. "தப்புச் செய்தது இந்தக் கால்தானே" என்கிற மாதிரி அசையாமல் நின்று, அவை திருப்தியாகக் கொட்டி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டார். கால் வீங்கிப்போயிற்று. மலையில் இருபத்து மூன்று வருஷம் வசித்தவரே, தம் கால் பட்டதற்கு இப்படிக் கணக்குத் தீர்த்தார்.

மலை யாருடையது என்ற கேள்வி கச்சேரிக்கும் போயிருக்கிறது. 1930-களின் பிற்பகுதியில், மலை கோயிலுக்குச் சொந்தமா, சர்க்காருக்குச் சொந்தமா என்று வழக்கு நடந்தது. கோயில் தரப்பில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தவர்களில் ரமணரும் ஒருவர். அவர் கோர்ட்டுப் படி ஏறுவாரா? கோர்ட்டார்தான் ஆசிரமத்துக்கு வந்து சாட்சியத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். மலையே லிங்கம் என்பதுதான் அந்தச் சாட்சியத்தின் சாரம். பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்துப் பழகின சட்டத்துக்கு, ஸ்வாமியே சொத்தாகவும் இருக்கிற ஒரு விவகாரம் எவ்வளவு தலைவலியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

நிற்க. ஏறுகிறவர்களில் மிக முக்கியமானவர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கார்த்திகை தீபத்தன்று உச்சியில் மகாதீபம் ஏற்றுகிற உரிமை அர்ச்சகர்களுக்குரியதல்ல. பர்வதராஜ குலத்தார் என்று சொல்லப்படும் செம்படவ சமூகத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக உள்ள உரிமை அது. ஏரியிலும் ஆற்றிலும் வலை வீசினவர்களின் சந்ததி. பார்வதியின் தகப்பனார் பெயரையே குலப் பெயராகக் கொண்டவர்கள். அந்தக் கணக்கில் அண்ணாமலையார் இவர்கள் வீட்டு மாப்பிள்ளை! ஆளுயரச் செப்புக் கொப்பரையைத் தோளில் சுமந்து, செங்குத்தான பாறைகளில் ஒருவர் காலடியில் ஒருவர் கண் வைத்து ஏறிப் போவார்கள். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத் துணித் திரியும் பின்னாலேயே போகும். மாலை ஆறு மணிக்குக் கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர் இரண்டொரு நிமிஷம் வெளியே வந்து காட்சி தருவார். அதே கணத்தில் மேலே ஜோதி தெரியும். பதினோரு நாள் அது எரியும்.

எல்லாம் முடிந்த பிறகு நடக்கும் ஒரு காரியம் வெளியூர்க்காரர்களில் பல பேருக்குத் தெரியாது. கொப்பரையைக் கீழே இறக்குகிறார்கள். கோயிலிலிருந்து புனித நீர் உச்சிக்குப் போகிறது. அங்கே பாறையில் இருக்கும் அண்ணாமலையார் பாதத்துக்கு அபிஷேகம் செய்து, பிராயச்சித்த பூஜை நடக்கிறது. எதற்குப் பிராயச்சித்தம்? இறைவனே மலையாக நிற்க, தீபத்துக்காக அதன்மேல் இத்தனை மனிதர்களின் கால் பட்டுவிட்டதே, அதற்காக!

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடிக்கிறது. மலையில் ஏறாமல் தீபம் ஏற்ற முடியாது, ஏறினால் அபசாரம். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதைப் பொய் என்று சொல்லிவிடாமல், ஏறு, ஆனால் ஏறினதற்கு மன்னிப்புக் கேள் என்று ஒரு வழி வைத்தார்களே, அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

இனி, மருமகன் சொன்ன வெளிநாட்டுச் சமாசாரத்துக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் உளுரு என்று ஒரு சிவந்த ஒற்றைப் பாறை இருக்கிறது. உயரம் 348 மீட்டர். அனங்கு என்ற ஆதிகுடிகளுக்கு அது தங்கள் முன்னோர்கள் நடந்த பாதை. வெள்ளைக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். 1960-களில் பாறையில் இரும்புக் கம்பங்களை நட்டுச் சங்கிலி கட்டி, டூரிஸ்டுகளை ஏற்றினார்கள். 1985-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி சர்க்கார் அந்தப் பாறையை அனங்கு மக்களுக்கே திருப்பிக் கொடுத்தது. உடனேயே 99 வருஷக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஏறுவதும் நிற்கவில்லை. அனங்குப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? அடிவாரத்தில் ஒரு பலகை வைத்து, தயவுசெய்து ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தடுக்கவில்லை, கேட்டுக்கொண்டார்கள். ஏறி விழுந்தும் மாரடைத்தும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அந்தச் சாவு ஒவ்வொன்றுக்கும், விருந்தாளி நம் வீட்டில் செத்தான் என்று அவர்கள்தான் துக்கப்பட்டார்கள். ஏறுகிறவர்கள் தொகை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 2019-ஆம் வருஷம், அதே அக்டோபர் 26-ஆம் தேதி, ஏறுவது அடியோடு நின்றது. முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் வயோமிங் ராஜ்யத்தில் 'டெவில்ஸ் டவர்' என்று ஒரு பாறைத் தூண். பல செவ்விந்தியக் குலங்களுக்கு அது வழிபாட்டு இடம். பாறை ஏறுகிறவர்களுக்கோ சொர்க்கம். 1995-ல் பூங்கா அதிகாரிகள் ஒரு யோசனை செய்தார்கள். ஜூன் மாதத்தில் அவர்களுடைய முக்கியமான சடங்குகள் நடப்பதால், அந்த ஒரு மாதம் மட்டும் தாங்களாகவே ஏறாமல் இருக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார்கள். இதையும் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. வேண்டுகோள் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. பெரும்பாலோர் ஜூனில் ஏறாமல் இருந்துவிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது நம் இமயத்தில் நடந்தது. உலகத்தின் மூன்றாவது உயரமான சிகரம் கஞ்சன்ஜங்கா. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955-ல் ஓர் ஆங்கிலேயக் கோஷ்டி ஏறப் புறப்பட்டபோது, உச்சியில் கால் வைப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்தது. மே 25-ஆம் தேதி ஜோ பிரௌன், ஜார்ஜ் பாண்ட் என்ற இரண்டு பேர், அதுவரை எந்த மனிதனும் போகாத அந்த உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உச்சி எதிரே சில அடி தூரத்தில் இருந்தது. சுற்றிலும் பார்க்க யாரும் இல்லை. ஏறிவிட்டு ஏறவில்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? அவர்கள் அங்கேயே நின்று திரும்பிவிட்டார்கள். மறுநாள் வந்த இன்னும் இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள். இருபத்தெட்டாயிரம் அடி ஏறிய மனிதன் கடைசிச் சில அடியை விட்டுக்கொடுப்பது, ஏறியதைவிடப் பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க சொல்றது ஒரு பக்கம்தான்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

மெல்போர்னுக்கு மேற்கே காரிவெர்ட் என்ற மலைத்தொடர் இருக்கிறது. விக்டோரியா ராஜ்யத்தின் ஆதிகுடிப் பாறை ஓவியங்களில் பெரும்பகுதி அங்கேதான். 2019-ல் பூங்கா நிர்வாகம் அங்கே பல பகுதிகளில் ஏறுவதைத் தடுத்தது. ஓவியங்களின் பக்கத்திலேயே ஆணி அடித்ததும், சுண்ணத் தூள் பூசினதும் காரணம். 2024 நவம்பரில், இன்னும் மேற்கே டையுரைட் என்ற மலையிலும் ஏறுபாதைகளில் ஏறக்குறையப் பாதியை மூடும் திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். ஏறுகிறவர்களுக்குத் திடீரென்று இடி விழுந்தாற்போல் ஆயிற்று.

"எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால், நாங்களே ஆணியைப் பிடுங்கியிருப்போம். அந்தப் பாறையை எங்களைவிட நேசிக்கிறவர்கள் யார்? ஒவ்வொரு பிளவையும் கையால் தடவித் தெரிந்து வைத்திருக்கிறோம்" என்றான். அதோடு விடவில்லை. "2020 மே மாதம் ஜூக்கன் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது தெரியுமா மாமா? நாற்பத்தாறாயிரம் வருஷமாக மனிதர்கள் வந்துபோன அடையாளம் இருந்த குகைகளை, இரும்புத் தாதுவுக்காக ஒரு சுரங்கக் கம்பெனி வெடி வைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான்! கயிறு கொண்டு வருகிறவனுக்குத் தடை, வெடிமருந்து கொண்டு வருகிறவனுக்கு லைசென்ஸா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவை மட்டும் சொல்வானேன்? மதுரைக்குப் பக்கத்தில் கீழவளவில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக்களும் இருக்கும் குன்றின் அக்கம்பக்கத்தைக் கிரானைட்டுக்காக வெட்டிக் குடைந்ததை நாம் பார்க்கவில்லையா? இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்தும், பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் உள்ள அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு அறிவித்தது. இரண்டே வருஷம் கழித்து, 2024-ல், அந்தப் பக்கத்து நிலத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு நின்ற பிறகுதான் 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. அண்ணாமலையிலேயே, சரிவுகளில் வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு வந்திருக்கிறது. ஒரு பையன் கயிற்றோடு ஏறினால் தெய்வக் குற்றம். காங்கிரீட் போட்டு ஏறினால் வீட்டு வரி ரசீதா?

ஆகவே மலையைக் காப்பாற்றுவது என்றால், ஏறுகிறவனின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அதே சமயம், பெரிய திருடன் தப்பித்தான் என்பதற்காகச் சின்னத் தப்பு சரியாகிவிடாது. மலை யாருக்கு ஸ்வாமியோ அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். ஏறி முடித்த பிறகு கேட்பது கேட்டதாகாது. கேட்கப்படுகிறவர்களும் எதிரே நிற்கிறவனைச் சத்துருவாக எண்ணாமல், இந்த மாதம் வேண்டாம், இந்தப் பாறை வேண்டாம், மற்றது இருக்கட்டும் என்று பேச இடம் வைக்க வேண்டும். அப்படிப் பேசியும், முழு மலையும் வேண்டாம் என்றுதான் அவர்கள் சொல்வார்களானால், ஜோ பிரௌனைப்போலத் திரும்பி வரத்தான் வேண்டும்.

இதைப் பற்றி மனிதர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மலை ஒரு தரம் தானே பேசிவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. திருவண்ணாமலையில் பேய்மழை. டிசம்பர் 1-ஆம் தேதி, மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாளில் தீபம். அதற்கு முந்தைய சில வருஷங்களாகத் தீபத்தன்று 2,500 பேருக்கு மட்டும் சீட்டுக் கொடுத்து மலையேற விடுவது வழக்கமாகியிருந்தது. அந்த வருஷம் மண்ணியல் நிபுணர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். பக்தர்கள் யாரும் ஏற வேண்டாம் என்று முடிவாயிற்று. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கிறவர்களும், அவர்களுக்குத் துணையானவர்களுமே போனார்கள். டிசம்பர் 13-ஆம் தேதி மாலை, வழக்கம்போலவே ஜோதி தெரிந்தது. கீழே நின்ற லட்சம் பேரும் கை கூப்பினார்கள். மேலே கூட்டம் இல்லாததால் ஜோதி ஒரு மாற்றுக் குறைந்துவிடவில்லை.

மருமகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை கொல்லைப்புறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையன் திடீரென்று அவள் பக்கம் திரும்பி, "பாட்டி, நீங்க மலைமேலே ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். மலைப்பக்கம் கால் நீட்டிப் படுக்காதவள். காலையில் வாசல் தெளிக்குமுன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவள்.

"ஒரே ஒரு தரம்டா கண்ணு" என்றாள் அத்தை. "உங்க பெரிய மாமாவுக்கு மூணு வயசிலே விஷ ஜுரம். பிழைச்சா தீபத்துக்கு நெய் கொண்டாந்து ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். பிழைச்சான். நெய்ச் சொம்பை இடுப்பிலே வெச்சுக்கிட்டு ஏறினேன்."

"உங்களுக்கு அது தப்பாப் படலையா பாட்டி?"

"கால் பட்டுதுன்னு சாமிக்குத் தெரியாதா? அதுக்குத்தானே அப்புறம் மேலே போய்த் தண்ணி ஊத்திப் பூசை பண்றாங்க. போனேன், ஊத்தினேன், வந்தேன். ஏறினதை ஒருத்தர்கிட்டேயும் சொல்லிக்கிட்டது இல்லே. நீ கேட்டியேன்னு சொன்னேன்."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறது எங்கள் குடும்பம். என் தகப்பனாருக்குக்கூட இது தெரியாது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆரம்பத்தில் ஒரு காரணம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். காலேஜில் படித்த காலத்தில், இந்த வீட்டிலேயே தங்கி, மூன்று சிநேகிதர்களோடு ஒரு நாள் நானும் மலையேறினேன். நெய்யும் இல்லை, வேண்டுதலும் இல்லை, வெறும் உற்சாகந்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வழவழப்பான பாறையில், சட்டைப் பையிலிருந்த ஆணியால் என் பெயரையும் வருஷத்தையும் செதுக்கினேன். அரை மணி நேரம் ஆயிற்று. சிநேகிதர்கள் கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய எந்தக் கதையையும்விட அந்த நாலெழுத்து அதிக நாள் நிற்கும் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்று இறங்கி வந்தபோது, அத்தை ஒரு வார்த்தை கேட்காமல், கால் கழுவிக்கொள்ளச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். காலில் மண் இருக்கிறதே என்றுதான் வைத்தாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாறையில் செதுக்கினது ஆறாது மாமா. எங்களில் யாராவது அப்படிச் செய்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம்" என்றான். சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திராது.

அன்று மாலை வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேரும் கிரிவலம் புறப்பட்டோம். கயிறும் ரப்பர் செருப்பும் பெட்டியிலேயே இருந்தன. அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டினதும் மலையின் மேற்கு முகம் தெரிந்தது. அஸ்தமன வெயிலில் பாறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்கின. பையன் நின்று, கண்ணாலேயே ஒரு பாதை போட்டுக்கொண்டு உச்சிவரை போனான். எந்தப் பிளவில் கை வைக்கலாம், எந்த விளிம்பில் கால் வைக்கலாம் என்று விரலை நீட்டி எனக்கும் காட்டினான். பிறகு கையை இறக்கிவிட்டு நடந்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது இரவு ஒன்பது மணி. வாசலில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவன் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனான். நான் சற்று நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மீதித் தண்ணீரில் என் காலைக் கழுவிக்கொண்டேன்.